எப்ப சார் திரும்பி வர்றீங்க?



மன்னார்குடியை விட்டு இந்த ரூர்க்கிக்கு வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. போனில் பேசுகிற எல்லோரும் கேட்பவை மூன்றே கேள்விகள். "அங்க குளிர் எப்படி சார்?" "இந்தி வந்துடுச்சா சார்?" "எப்ப சார் திரும்பி வர்றீங்க?" ஒரே விடையை நாற்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட, கரும்பலகையில் ஒரு தடவை எழுதிப் போடுவது எனக்குப் பழகின வேலை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கலாம், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். ரூர்க்கி உத்தராகண்ட் மாநிலத்தில், ஹரித்வார் மாவட்டத்தில் இருக்கிறது. ஹரித்ராநதிக் குளக்கரையில் நடைப்பயிற்சி போனவனைக் கொண்டுவந்து ஹரித்வார் மாவட்டத்தில் விட்டிருக்கிறாள் மகள். பெயரில் பாதி எழுத்து ஒன்றுதான். நடுவில் ரயிலில் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் இங்கே வேலை. பேத்திக்கு ஐந்து வயது. அவளைப் பார்த்துக்கொள்ள வந்தோம் என்று ஊரில் சொன்னோம். இங்கே வந்த பிறகு யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தினசரி மாறுகிறது.

நம்ம டெல்டாக்காரனுக்கு இந்த ஊரில் முதலில் மனசு ஒட்டினது வாய்க்காலில். வாய்க்கால் என்று சொன்னால் இவர்களுக்குக் கோபம் வரும், அத்தனை பெரிது. மேல் கங்கைக் கால்வாய். ஹரித்வாரில் கங்கையிலிருந்து பிரிந்து ஊர் நடுவே ஓடுகிறது. புரோபி காட்லி என்கிற இங்கிலீஷ்காரர் 1842-ல் வெட்ட ஆரம்பித்து, 1854 ஏப்ரலில் தண்ணீர் விட்டார். ஊருக்குப் பக்கத்தில் சோலானி என்று ஒரு ஆறு குறுக்கே வருகிறது. அதன் மேல் பாலம் கட்டி, பாலத்தின் மேல் கால்வாயையே ஓட விட்டிருக்கிறார்கள். கீழே ஆறு, மேலே கங்கை. பாலத்து முனைகளில் கல் சிங்கங்கள் உட்கார்ந்து காவல் காக்கின்றன. இதைக் கட்ட ஆள் பயிற்றுவிக்கத்தான் 1847-ல் இங்கே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதுதான் தாம்சன் கல்லூரியாகி, பல்கலைக்கழகமாகி, 2001-ல் ஐ.ஐ.டி. ஆனது.

மேட்டூர் திறப்புக்கு ஜூன் 12-ஐப் பார்த்துக் காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாம். இங்கே தலைகீழ். தண்ணீர் வருஷம் முழுக்க ஓடும். தசராவுக்குப் பராமரிப்புக்காக அடைப்பார்கள், தீபாவளிக்குத் திறப்பார்கள். அந்தச் சில வாரம் ஹரித்வாரில் காய்ந்த படுகையில் இறங்கி, பக்தர்கள் போட்ட காசைத் தேடுகிறவர்களைப் பார்க்கலாம்.

எதிர்வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். வங்காள சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம் 1853-லிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறது. நம்ம ஊர்ப் பையன்கள் நிறைய சேருகிற மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் 'தம்பி'. ஆகவே என்னை முதல் நாள் பார்த்ததும் சுபேதார், "ஆயியே தம்பி!" என்றார். அன்றிலிருந்து எனக்கு இந்தத் தெருவில் பெயர் தம்பி. வழுக்கைத் தலையோடு, பல் செட்டு மாட்டிக்கொண்டு, பேத்தியைக் கையில் பிடித்துப் போகிறவனைத் தெரு முழுக்க 'தம்பி' என்று கூப்பிடுகிறது. எனக்கு மறுப்பில்லை. மன்னார்குடியில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆள் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது.

சுபேதாருக்கு ஊர்ப்பெருமை அதிகம். இன்ஜினீயரிங் படிப்பு இந்த நாட்டில் ரூர்க்கியில்தான் ஆரம்பித்தது என்பார். மெட்ராஸில் 1794-லேயே சர்வே பள்ளி வந்துவிட்டது என்றேன் நான். ரயில் இன்ஜின் முதலில் ஓடியது 1851-ல் இங்கே கால்வாய் வேலைக்கு மண் சுமக்கத்தான் என்பார். செங்குன்றத்திலிருந்து கருங்கல் ஏற்றி வர 1837-லேயே மெட்ராஸில் ரயில் பாதை போட்டாயிற்று என்றேன். அவர் சற்று நேரம் மீசையைத் தடவிவிட்டு, "அச்சா தம்பி, கால்வாய்?" என்றார். கல்லணையைச் சொன்னேன். கூடவே, நம்ம காவிரியில் வேலை செய்த ஆர்தர் காட்டன் இந்தக் கங்கைக் கால்வாயின் அமைப்பில் குறை சொல்லி, காட்லியோடு அச்சில் சண்டை போட்டதையும் சொன்னேன். "அப்ப இந்தச் சண்டை பழைய சண்டைதான்" என்று சிரித்து டீ வரவழைத்தார். அதிலிருந்து தினமும் டீ. சண்டையும் தினமும் உண்டு.

இனி முதல் கேள்வி: குளிர்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். மன்னார்குடி வட அட்சரேகை பத்தே முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவு. ரூர்க்கி ஏறக்குறைய முப்பது. மார்கழியில் நமக்குப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம் என்றால் இங்கே பத்தேகால் மணிதான். அந்தப் பகலிலும் பனிமூட்டம் வந்துவிட்டால் சூரியன் விடுப்பு எடுத்துக்கொள்ளும். ராத்திரி ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும்.

இதற்கெல்லாம் என்னிடம் தெர்மாமீட்டர் கிடையாது. தேங்காய் எண்ணெய் பாட்டில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே உறையும் என்று எட்டாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் உங்களுக்குச் சொல்லியிருப்பார். இங்கே கார்த்திகையில் உறைகிற பாட்டில் மாசி வரை வாயைத் திறக்காது. ஸ்பூன் கைப்பிடியால் குடைந்துதான் எடுக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எண்ணெய் தானாக வழிந்தால் வசந்தம் வந்துவிட்டது என்று வீட்டில் அறிவிப்பேன்.

குளிரில் முதல் மரியாதை இட்லி மாவுக்கு. பொங்காது. வீட்டம்மா மாவுப் பாத்திரத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை போட்டு, அதைப் புது ரஜாய்க்குள் சுற்றி, கட்டில் மூலையில் படுக்க வைப்பாள். ரஜாய் என்றால் பஞ்சு அடைத்த கனமான போர்வை. எனக்குப் பழைய ரஜாய். "நீங்க பொங்க வேண்டியதில்லையே" என்பது அவள் நியாயம்.

ஊரிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் மடியில் வைத்து ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் கொண்டுவந்தாள். இங்கே வந்து பார்த்தால் இந்தச் சிவாலிக் மலையடிவாரக் காட்டில் கறிவேப்பிலை தானாக மண்டிக் கிடக்கிறது. ஆனால் காய்கறிக்காரர் அதைக் கொசுறாகப் போடுவதில்லை. இங்கே கொசுறு என்றால் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும்தான். கறிவேப்பிலை கேட்டால், எதற்கு வைத்தியம் செய்கிறீர்கள் என்பது போலப் பார்க்கிறார்.

இரண்டாவது கேள்வி: இந்தி.

1965-ல் நான் மூன்றாம் வகுப்பு. 1968-ல் இரு மொழிக் கொள்கை வந்தது. ஆகவே பள்ளியில் இந்தி எனக்கு வாய்க்கவில்லை, அதைப் பற்றிய வாதங்களெல்லாம் உங்களுக்கும் தெரியும். இங்கே வாதத்துக்கு நேரமில்லை. காய் வாங்கியாக வேண்டும். எனவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மார்ஜின் போட்டு, இலக்கணத்திலிருந்து தொடங்கினேன்.

முதலில் எண்கள். அது என் பாடம் அல்லவா? இந்தியில் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நம்மைப் போல் அடுக்கிக்கொண்டு போக முடியாது. ஒன்றிலிருந்து நூறு வரை ஒவ்வொன்றையும் கிட்டத்தட்டத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ஒன்பதில் முடிகிற எண்கள் இன்னும் விசேஷம். இருபத்தொன்பது 'உன்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. நாற்பத்தொன்பது 'உன்சாஸ்', ஐம்பதுக்கு ஒன்று குறைவு. எண்பத்தொன்பதுக்கு வந்ததும் திடீரென்று மனம் மாறி 'நவாசி'. பின்னம் வந்தாலும் இப்படித்தான். ஒன்றரைக்கு 'டேட்', இரண்டரைக்கு 'டாயி', மூன்றரையிலிருந்து வேறு விதி. பதினொன்றே முக்கால் மணி என்றால் 'பௌனே பாரா', பன்னிரண்டுக்குக் கால் குறைவு. மொத்தத்தில் இந்தி, கழித்தலில் பிரியமுள்ள மொழி.

பேத்தி விடவில்லை. "தாத்தா, தமிழ்ல எண்பதுக்கு அப்புறம் ஏன் ஒன்பது பத்துன்னு வரலை? ஏன் தொண்ணூறு?" என்றாள். யோசித்துப் பாருங்கள். நாமும் ஒன்பதில் நொண்டுகிறவர்கள்தான். தொண்ணூறுக்கு நூறிடமும், தொள்ளாயிரத்துக்கு ஆயிரத்திடமும் கடன் வாங்கியிருக்கிறோம். முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்ததில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. (நான் யாரையும் குறை சொல்லவில்லை. கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்திருக்க வேண்டாம்.)

அடுத்தது பால். நமக்கு மேசை, நாற்காலி, மழை, மண் எல்லாம் அஃறிணை, தீர்ந்தது வேலை. இந்தியில் எல்லாப் பொருளுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. மீசை பெண்பால். தாடி பெண்பால். போலீஸ் பெண்பால். பட்டாளமே பெண்பால். இதைச் சுபேதாரிடம் கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு, "வீட்டிலும் அதிகாரம் அந்தப் பக்கம்தானே தம்பி" என்றார். தயிர் ஆண்பாலா பெண்பாலா என்று இவர்களுக்குள்ளேயே தகராறு இருக்கிறது. புத்தகம் ஆண்பால் என்கிறது, தெரு பெண்பால் என்கிறது. நான் மோர் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படி நான் நோட்டில் முப்பதாம் பக்கத்தைத் தாண்டியிருந்தபோது, வீட்டம்மா ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. குளிர்காலத்தில் பதினொரு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும், இந்தத் தெருப் பெண்களெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிடுவார்கள். பட்டாணி உரிப்பார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், வேர்க்கடலை தின்பார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். இவளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். முதல் மாதம் சிரித்துக்கொண்டே பட்டாணி உரித்தாள். இரண்டாம் மாதம், "ஹாங் ஜீ" என்றாள். மூன்றாம் மாதம், யார் வீட்டு மருமகள் எதற்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பது வரை எனக்கு வந்து சொன்னாள். இலக்கணம் கிடையாது. மாமனார் பெண்பால், மாமியார் ஆண்பால். யாருக்கும் புரியாமல் போகவில்லை.

போன ஜனவரியில் நடந்ததை உங்களில் சிலரிடம் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன். முழுவதும் இப்போதுதான் எழுதுகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் வேலையாக டெல்லி போயிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. ஐந்து டிகிரிக் குளிரில் வேர்வை. "என்னமோ பண்ணுது" என்றாள். நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அந்தம்மா சால்வையோடு வந்து, தூங்குகிற பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சுபேதார் பழைய வேனை எடுத்தார். பனிமூட்டத்தில் வண்டியின் மூக்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவர் மகன் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். சுபேதார் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஓட்டினார். ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தை இந்த வேகத்தில் கடக்க எத்தனை நிமிடம் என்று எத்தனை தேர்வில் கேட்டிருப்பேன்! அன்று விடை வரவே மாட்டேன் என்றது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார், "தர்த் ஹை?" வலிக்கிறதா என்று. எனக்குப் பயத்தில் இந்தி மட்டும் அல்ல, இங்கிலீஷும் போய்விட்டது. தமிழில் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். வலிக்குது, குத்துது, கடுக்குது, இழுக்குது, அடைக்குது, கரிக்குது, பாரமா இருக்கு. ஒவ்வொன்றும் வேறு. என் நோட்டில் முப்பது பக்கத்துக்கும் சேர்த்து இருந்தது ஒரே சொல், தர்த்.

கட்டிலில் கிடந்தவள் தலையை ஆட்டினாள். "தர்த் நஹீ" என்றாள். பிறகு நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை விரலால் கோடு இழுத்து, "ஜலன். பஹுத் ஜலன்" என்றாள். எரிச்சல், ரொம்ப எரிச்சல்.

டாக்டர் பையன், நம்ம கடைசி பேட்ச் வயதுதான் இருக்கும், நின்று கேட்டான். எப்போதிலிருந்து, ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், கை இழுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று அவளிடமே ஒவ்வொன்றாகக் கேட்டான். அவளே பதில் சொன்னாள், பாதி வாயால், பாதி கையால். எரிச்சல் என்று சொன்னாலும் விட்டுவிடக்கூடாது, நெஞ்சு விஷயம் என்று உடனே இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் ஒன்று. இதயத்தில் ஒன்றும் இல்லை. அமிலம் மேலே ஏறியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். அதற்குள் மகளும் போனில் டாக்டரிடம் பேசிவிட்டாள். விடிந்து பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். சுபேதார் அதுவரை வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

காரணம், முதல் நாள் சாயங்காலம் சாப்பிட்ட பட்டாணிக் கச்சோரி. அதைச் செய்து அனுப்பியது யார் என்று கேட்காதீர்கள். எங்களுக்காக ராத்திரி முழுக்கப் பேத்தியின் பக்கத்தில் கண் விழித்தவள்தான். இந்தப் பதிவு தமிழில் இருப்பதால் ரகசியம் பத்திரமாக இருக்கும்.

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன், "ஜலன் உனக்கு எப்படித் தெரியும்?" என்று. அவள் சொன்னாள்: "மாடியில பேசிக்குவாங்க. அவளுக்கு இவளப் பாத்தா ஜலன், இவ வீடு கட்டினா அவளுக்கு ஜலன்னு. பொறாமைன்னு புரிஞ்சுகிட்டேன். நம்ம ஊர்லயும் வயித்தெரிச்சல்னா பொறாமைதானே? அப்ப இவங்களுக்கும் எரிச்சலும் பொறாமையும் ஒரே வார்த்தையாத்தான் இருக்கும்னு நெனச்சு சொன்னேன்."

அப்படித்தான் இருக்கிறது, அகராதியில் பார்த்துவிட்டேன். அந்தச் சொல்லை நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் 'ஆசிரியர்: வீட்டம்மா' என்று குறித்து வைத்திருக்கிறேன். அதற்கடுத்த பக்கங்கள் எல்லாம் அவள் சொல்ல நான் எழுதியவைதான்.

மூன்றாவது கேள்வி.

அந்த வாரமே ஊரிலிருந்து போன் வந்தது. வீடு பூட்டிக் கிடக்கிறதே, நல்ல விலைக்கு ஒருத்தர் கேட்கிறார், கொடுத்துவிடலாமா என்று. மகள், "உங்க இஷ்டம்பா" என்றாள். எனக்கு ஊருக்கே போய்விட வேண்டும் என்று இருந்தது. அன்று ராத்திரி தமிழில் பேசுகிற டாக்டர் இருந்திருந்தால் என்கிற நினைப்பு என்னை விடவில்லை. இவளிடம் சொன்னேன்.

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். நம்ம தெருவில் நம்ம வரிசையில் பதினோரு வீடு. பூட்டினது ஏழு, பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும். மீதி நாலில் நம்முடையது ஒன்று. இன்னொன்றில் காது கேட்காத பெரியவர் தனியாக இருக்கிறார். "ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தக் கதவத் தட்டுவீங்க?" என்றாள்.

எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை. ஊர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மதில் அங்கேயேதான் இருக்கிறது, பாமணி ஆறும் அங்கேயேதான் இருக்கிறது. ஆட்கள்தான் என்னைப் போலவே ரயில் ஏறிவிட்டார்கள்.

"அப்ப வித்துடலாமா?" என்றேன். முறைத்தாள். "யார் விக்கச் சொன்னா? எம்பேத்தி அந்தத் திண்ணையில ஏறி விழுந்து முட்டியப் பேத்துக்க வேணாமா?"

எனவே முடிவு இது. பத்து மாதம் இங்கே, இரண்டு மாதம் மன்னார்குடியில். பங்குனித் திருவிழா பதினெட்டு நாளும் ஊரில்தான் இருப்போம். வீடு விற்பனைக்கு இல்லை. கேட்கிறவர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சாவி நம்ம பழைய மாணவர் ஒருவரிடம் இருக்கிறது. வாரம் ஒரு தடவை ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார். அவர் கணக்கில் முப்பத்தைந்து வாங்கிப் பாஸானவர். பொறுப்பில் நூற்றுக்கு நூறு. இன்னொரு வேண்டுகோள். அந்தத் தெருவில் இருக்கிற காது கேட்காத பெரியவரை, அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். கதவைத் தட்டினால் கேட்காது, ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டுங்கள்.

ஹரித்வார், ரிஷிகேஷ் யாத்திரை வருகிறவர்கள் ரூர்க்கியில் இறங்காமல் போனால் எனக்குத் தெரிந்துவிடும். ஆடி மாதம் மட்டும் வேண்டாம். கங்கை நீர் சுமக்கிற காவடி யாத்திரை சமயம், சாலை எல்லாம் திருப்பி விடுவார்கள். வரும்போது அப்பளம், சுண்டைக்காய் வற்றல், கும்பகோணம் வெற்றிலை கொண்டு வரவும். கறிவேப்பிலை வேண்டாம்.

அடுத்த மாதம் எனக்கு அறுபத்தொன்பது. இந்தியில் 'உன்ஹத்தர்', எழுபதுக்கு ஒன்று குறைவு. சுபேதார் இப்போதே கேக்குக்குச் சொல்லிவிட்டார். கச்சோரி அவர்கள் வீட்டில்தான் செய்கிறார்கள். மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன்.

எல்லோருக்கும் ஆசிகள்.

உங்கள் கணக்கு சார்,
ரூர்க்கி